இன்குவைரிக்கு 'விசாரணை' வேண்டாமே, 'துழாவிக் கற்றல்'னு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்.

'இன்குவைரி பேஸ்டு லேர்னிங்', அதாவது பிள்ளை தானே கேள்வி எழுப்பித் தேடிக் கத்துக்குறது, அதுக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு பேசுற இந்த இழைய ரெண்டு வாரமா வாசிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், நேத்து ஐயா 'விசாரணைவழிக் கற்றல்'னே முடிவு பண்ணிடலாம்னு எழுதினதப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. பன்னெண்டு வருஷமா எல்கேஜி யூகேஜி பிள்ளைங்களோட இருக்கேன். இப்ப எங்க பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு சின்ன கையேடு எழுதிக் கொடுக்குற வேலையும் வந்திருக்கு, அதுல இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருது. நாம இங்க எதை முடிவு பண்றோமோ அதைத்தான் அவங்க நாளைக்கு ஒரு அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்லணும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ஐயா சொன்னது சரிதான், விசாரம்ங்கிறது பழைய அழகான சொல், ரமணர் வழியில வர்றவங்க ஆன்ம விசாரம்னு இன்னைக்கும் சொல்றாங்க, ஊர்ல 'விசாரிச்சதா சொல்லுங்க'ன்னு அன்பாவும் சொல்றோம். ஆனா 'விசாரணை'ன்னு வந்ததும் போலீஸ் ஸ்டேஷன், விசாரணைக் கமிஷன், விசாரணைக் கைதி இதெல்லாம்தான் காதுல விழுது. 'உங்க பிள்ளை இன்னைக்கு முழுக்க விசாரணையில இருந்தா'ன்னு ஒரு தாய்கிட்ட சொல்ல எனக்கு மனசு வராது.

அக்கா 'ஆய்வுவழிக் கற்றல்'னு போட்டிருந்தீங்க. காலேஜ் அளவுல அது நல்லாவே இருக்கும். பள்ளிக்கூடத்துக்குள்ள 'ஆய்வு'ன்னா என்ன அர்த்தம்னு ஆசிரியர்கள் யாரை வேணா கேட்டுப் பாருங்க: 'நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க'ன்னா ரெஜிஸ்டரத் தேடி எடுக்கணும், சுவத்துல சார்ட் ஒட்டணும், பிள்ளைங்கள வரிசையா உக்கார வைக்கணும். நாம சொல்ல வர்றதுக்கு நேர் எதிர் அது.

'வினவல்', 'உசாவல்' ரெண்டும் எனக்குப் பிடிச்ச சொல்தான். ரெஃபரன்ஸுக்கு உசாத்துணைன்னு இலங்கைத் தமிழர்கள் புழக்கத்துல வச்சிருக்குறதப் பாத்து பொறாமைப்பட்டிருக்கேன். ஆனா ரெண்டுமே வாயால கேக்குறது. நாலு வயசுப் பிள்ளை கேள்விய முதல்ல வாயால கேக்குறதில்ல, கையாலதான் கேக்குது. அந்தக் கை சொல்லுக்குள்ள இருக்கணும்ங்கிறதுதான் என் ஒரே கோரிக்கை.

ஒரு நாள் நடந்ததச் சொல்றேன். டப்புல தண்ணி வச்சு, பக்கத்துல ஒரு முறத்துல புளியங்கொட்டை, பாட்டில் மூடி, எலுமிச்சம்பழம், ஓட்டுச்சில்லு, ஒரு தேங்காயோட ரெண்டு பாதிக் கொட்டாங்குச்சி எல்லாம் போட்டு வச்சிருந்தோம். எது மிதக்கும் எது முங்கும்னு நாங்க எதுவும் சொல்லல. ஒரு பொண்ணு, அஞ்சு வயசு ஆகல, ரெண்டு கொட்டாங்குச்சியையும் படகு மாதிரி விட்டா. ஒண்ணு மிதந்துக்கிட்டே இருக்கு, இன்னொண்ணு கொஞ்ச நேரம் மிதந்துட்டு மெதுவா முங்கிப் போச்சு. மறுபடி எடுத்து விட்டா, மறுபடி அதே கதை. மத்த பிள்ளைங்க எல்லாம் மண்ணுல விளையாடப் போயாச்சு, இவ மட்டும் அசையல. முங்குறதுக்கு முன்னாடி அதோட அடியில கைய விட்டு விரலால தடவிக்கிட்டே இருக்கா, முகம் மட்டும் எங்கயோ பாக்குது, கைதான் யோசிக்குது. கூட்டிக்கிட்டிருந்த ஆயாம்மா நின்னு பாத்துட்டு, 'தண்ணிக்குள்ள கைய விட்டு என்னத்தடி துழாவுற?'ன்னாங்க. அவ ஒரே வார்த்தைல பதில் சொன்னா: 'ஓட்டை.'

கண்ணு இருக்குற பாதி அது, மெல்லுசா இருக்குற கண்ணு குத்துப்பட்டு ஓட்டையாகியிருக்கு. தண்ணி அது வழியா மேல வர்றது விரல் நுனியில அவளுக்குப் பட்டிருக்கு. அப்புறம் மண்ணக் குழைச்சு அடைச்சா, மிதந்துச்சு, மண்ணு கரைஞ்சதும் முங்குச்சு, களிமண்ண வச்சா. மறுநாள் வீட்ல இருந்து டீ வடிகட்டிய எடுத்துட்டு வந்துட்டா, நிறைய ஓட்டை இருந்தா சீக்கிரம் முங்குமான்னு பாக்கணுமாம். அவங்க அம்மா வடிகட்டியத் தேடிக்கிட்டு பத்து மணிக்கு வந்தாங்க, அவங்களையும் டப்பு பக்கத்துல உக்கார வச்சோம். அடியில சின்ன ஓட்டை போட்ட கிண்ணத்தத் தண்ணியில மிதக்க விட்டு, அது முங்குற நேரத்த வச்சு நாழிகை பாத்தவங்கதான் நம்ம முன்னோர். இருபத்துநாலு நிமிஷம் ஒரு நாழிகை. அந்தப் பொண்ணு அதோட வாசல்லயே வந்து நிக்குறா, யாரும் அவளுக்கு ஒரு வரி சொல்லித் தரல.

அன்னைக்கு ஆயாம்மா வாயில வந்த வினைச்சொல்தான் நான் கொண்டு வர்றது. துழாவு. குழம்ப அகப்பையால துழாவுறோம், பைக்குள்ள சாவியக் கைய விட்டுத் துழாவுறோம், படகத் துடுப்பால துழாவுறாங்க. எல்லாத்துலயும் கை இருக்கு, ஒரு தேடலோ அசைவோ இருக்கு, முடிவு என்ன வரும்னு முன்கூட்டித் தெரியாதுங்கிறதும் பெரும்பாலும் இருக்கு. ஹேண்ட்ஸ்-ஆன் (கையால செஞ்சு பாக்குறது), இன்குவைரி ரெண்டுக்கும் தனித்தனியா சொல் தேடி ஒட்டவைக்காம ஒரே வினையில ரெண்டும் வந்துடுது. ஹேண்ட்ஸ்-ஆனுக்கு 'செய்முறை'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குப் போயிடும், எங்க மதுரைப் பக்கம்னா விசேஷ வீட்டு மொய்க்கே போயிடும்.

வடிவம்: 'துழாவல்வழிக் கற்றல்' வேண்டாம், 'துழாவிக் கற்றல்'. செயல்வழி, விளையாட்டுவழி, கதைவழின்னு எல்லாத்துக்கும் 'வழி' போட்டுப் போட்டு அது தேஞ்சு போச்சு. 'துழாவி'ன்னு வினையெச்சமா வச்சா வேலை செய்ற சொல்லாவே நிக்கும். கிளைச்சொல்லும் தாராளமா வருது: துழாவல் மூலை, துழாவல் கூடை, துழாவல் கேள்வி, 'இன்னைக்குப் பிள்ளைங்க எதைத் துழாவினாங்க?'ன்னு குறிப்பேட்டுல ஒரு தலைப்பு. 'இன்னைக்குப் பிள்ளைங்க எதை விசாரித்தார்கள்'னு அதே இடத்துல எழுதிப் பாருங்க.

இதுக்கு வர்ற மறுப்புல ஒண்ணு பலமானது: செயல்வழிக் கற்றல்தான் ஏற்கனவே இருக்கே, புதுசு எதுக்கு? 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு 2007 வாக்குல மாநிலம் முழுக்கப் போன முறை அது, ஆந்திராவுல இருக்குற ரிஷி வேலி பள்ளில இருந்து வந்த யோசனை. நான் அதை மதிக்கிறேன், மேசைய விட்டு ஆசிரியர தரையில உக்கார வச்சதே அதுதான். ஆனா அதுல அடுத்து என்னன்னு சொல்றது பாடத்தப் பிரிச்சு எழுதின அட்டையும், அந்த அட்டைகள எந்த வரிசைல முடிக்கணும்னு காட்டுற ஏணிப் படமும். பிள்ளை தன் வேகத்துல போகும், பாதை போட்டு வச்சது. டப்பு பக்கத்துல நடந்ததுல கேள்வி பிள்ளையோடது, டீ வடிகட்டி எந்த அட்டையிலயும் கிடையாது. ரெண்டும் வேற, ரெண்டும் வேணும், அதனாலதான் ரெண்டு சொல். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலயே சின்னப் பிள்ளைகளுக்கான பகுதில விளையாட்டு, செயல்பாடு, இன்குவைரின்னு மூணையும் தனித்தனியாத்தான் அடுக்கியிருக்காங்க. கொள்கை பத்தி இங்க சண்டை வேண்டாம், மூணுக்கும் மூணு தமிழ் வேணும்ங்கிறதுக்காகச் சொல்றேன்.

சொல்லு நிக்குமாங்கிற கவலைக்கும் செயல்வழிக் கற்றல்லயே பதில் இருக்கு. பிள்ளைங்க வரைஞ்சதத் தொங்கவிட வகுப்புக்குள்ள குறுக்க கம்பி கட்டினாங்களே, அதுக்கு 'கம்பிப் பந்தல்'னு பேர் வச்சாங்க. எந்த ஆசிரியருக்கும் விளக்கம் தேவைப்படல, பந்தல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரோபெலும் அதைத்தான் பண்ணினார். 1837ல பிளாங்கன்பர்க்ங்கிற ஊர்ல சின்னப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச இடத்துக்கு மூணு வருஷம் கழிச்சு, 1840லதான் கிண்டர்கார்டன், அதாவது 'குழந்தைகள் தோட்டம்'னு பேர் வச்சார். பள்ளிங்கிற சொல்ல விட்டுட்டு தோட்டத்துல இருந்து எடுத்தார், இன்னைக்கு வரைக்கும் உலகமே அப்படித்தான் கூப்பிடுது. நமக்கும் இது புதுசு இல்ல, 1939லயே இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மா அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினாங்க, யுத்தக் காலத்துல கொடைக்கானல்லயும் இருந்தாங்க. கையால கத்துக்குறத இவ்ளோ பக்கத்துல பாத்துட்டு அதுக்கு நம்ம அடுப்பங்கரையில கிடக்குற ஒரு வினைச்சொல்ல இன்னும் எடுக்காம இருக்கோமேன்னுதான் எனக்கு ஆதங்கம்.

இன்னொரு மறுப்பு, துழாவுறதுன்னா இருட்டுல தடவுறது, குறிக்கோள் இல்லாததுன்னு. பாதி ஒத்துக்கிறேன். அந்தப் பொண்ணு இருட்டுலதான் தடவினா, ஆனா அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்துச்சு. முறத்துல கண்ணுள்ள பாதியையும் கண்ணில்லாத பாதியையும் சேத்து வச்சது ஆசிரியரோட வேலை. அந்தத் தயாரிப்பு இல்லாட்டி வெறும் தண்ணி விளையாட்டு, அதுவும் நல்லதுதான், ஆனா அதுக்கு விளையாட்டுன்னே பேர் இருக்கு. 'நோண்டல்'னு தம்பி ஒருத்தர் எழுதினதும் இதுக்குக் கிட்டத்தான் வருது, ஆனா 'நோண்டாத!'ன்னு நாம பிள்ளைங்கள அதட்டுற சொல் அது, அதுலயே பாதி அடி விழுந்திருக்கு. துழாவாதன்னு அதட்டி நான் கேட்டது கம்மி.

ழ வராத பணியாளர்கள் தொளாவுறதுன்னு சொல்வாங்களேன்னு கேட்டிருந்தீங்க. சொல்லட்டும், எங்க ஆயாம்மா வாயிலயும் 'தொளாவுற'ன்னுதான் வந்துச்சு, நான்தான் திருத்தி எழுதியிருக்கேன்.

கையேடு மாசக் கடைசில அச்சுக்குப் போகுது, முதல் அத்தியாயத்துல 'துழாவிக் கற்றல்'னு போட்டு வச்சிருக்கேன். மலேசியா, சிங்கப்பூர்ல பாலர் பள்ளில இருக்கவங்களும் இலங்கைல முன்பள்ளில இருக்கவங்களும் எழுதினா நல்லா இருக்கும்: உங்க ஊர்ல ஒரு பிள்ளை தண்ணிக்குள்ள இப்படிக் கைய விட்டுத் தேடிக்கிட்டிருந்தா, பக்கத்துல நிக்குற பெரியவங்க என்ன வினைச்சொல் சொல்லி அதைக் கூப்பிடுவாங்க? அந்தச் சொல்லு என்னோடத விட நல்லா இருந்தா மாத்திடுறேன்.