குடும்பக் குழு: தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம்

மன்னார்குடி அத்தை: அப்பாகிட்ட என்ன வேணும்னு கேட்டேன். மோதிரம் வேணாமாம். முதல் நாள் ராத்திரி வாசல்ல "அந்த நாள்" படம் போடணுமாம்

அம்மா: பாட்டே இல்லாத படமாச்சே அண்ணி. பிள்ளைங்க உக்காருமா

திருவையாறு சித்தப்பா: தாராளமா உக்காரும் அண்ணி. 1954ல ஏவிஎம் எடுத்தது, எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன். பாட்டு, டான்ஸ், சண்டை எதுவும் கிடையாது. 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினியர் சிவாஜி, ஆரம்பத்துலயே சுடப்பட்டுச் செத்துடுறார். சி.ஐ.டி.யா வர்ற ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும். பொண்டாட்டி, அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டுக்காரர்னு ஒவ்வொருத்தரையா விசாரிப்பார். ஒவ்வொருத்தர் வாயிலயும் செத்தவன் வேற ஆளா வருவான். அதுல கண்ணு வச்சாப் போதும், பாட்டு ஞாபகமே வராது

அண்ணன்: சுட்டது யாருன்னா

மன்னார்குடி அத்தை: டேய்!! பிள்ளைங்க குரூப்ல இருக்கு

பெரியப்பா: பாகம் கேட்டு அண்ணன்கிட்ட தகராறு பண்ற தம்பி கதைதானே. தெரியும்

அம்மா: மாமா விசேஷம் முடியட்டும்

மன்னார்குடி அத்தை: ராத்திரிக்கு இட்லியா சேமியாவா? நாப்பது பேர்

அம்மா: இட்லி. கொத்சு நான் பண்ணிடுறேன்

அண்ணன்: ப்ரொஜெக்டர் இருக்கு சித்தப்பா. திரைக்கு ரெண்டு வேட்டி சேத்துத் தைச்சிடலாமா

திருவையாறு சித்தப்பா: வேணாம்பா, தையல் கோடு சரியா முகத்து மேல ஓடும். வெள்ளையடிச்ச சுவர் போதும். எட்டடி அகலம், ஆறடி உயரம். பழைய படம் நாலுக்கு மூணுதான். ப்ரொஜெக்டர்லயும் 4:3 வை, இல்லாட்டி எல்லார் மூஞ்சியும் உப்பிப்போகும். படமே இருட்டும் நிழலுமா எடுத்தது, ட்யூப்லைட் ஒண்ணு எரிஞ்சாலும் வெளிறிடும். ஸ்பீக்கரைச் சுவர் ஓரமே வை, பேஸைக் குறைச்சிடு. வசனம் ஒரு வரி போனா துப்பும் போச்சு. இரைச்சல் வந்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாரு

அண்ணன்: கரண்ட் போனா?

திருவையாறு சித்தப்பா: இன்வெர்ட்டர்லயே மாட்டிடு. விளக்கு சூடா இருக்கும்போது ஃபேன் நின்னா பல்பு போயிடும். அப்படி அணைஞ்சுட்டா பத்து நிமிஷம் ஆறவிட்டுப் போடு

அம்மா: தை மாசம். பனி இறங்கும். மாமாவுக்கு மஃப்ளர்

பெரியப்பா: என் வீட்டுத் தெற்குச் சுவர் போன மாசம்தான் வெள்ளையடிச்சது

திருவையாறு சித்தப்பா: அங்க தெருவிளக்கு நேரா அடிக்கும்ணே. சாயங்காலம் வந்து பாக்குறேன்

பெரியப்பா: வா

மன்னார்குடி அத்தை: அப்ப படம் எங்க? ஆறரையா ஏழா? அப்பா கேட்டுக்கிட்டே இருக்கார்

அம்மா: உளுந்து யார் வாங்குறது