மாலை ஷிப்ட், 32 ரெசிடென்ட், ஒரு மெட் கார்ட் (மருந்துத் தள்ளுவண்டி): 5 மணி மருந்து 7 மணி வரை இழுபடுது

புதுத்தாதி கேட்டது:

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். கனடா ஒன்டாரியோவில ஒரு லாங் டேர்ம் கேர் (முதியோர் பராமரிப்பு) இல்லத்தில ஆர்பிஎன் (பதிவுபெற்ற பிராக்டிகல் நேர்ஸ்) ஆக மாலை ஷிப்ட் (3–11) தொடங்கி ஆறு கிழமை. யூனிட்டில 32 ரெசிடென்ட், 4 பிஎஸ்டபிள்யூ (பராமரிப்பு உதவியாளர்), மருந்துக்கு நான் ஒராள்தான். சார்ஜ் ஆர்என் (பொறுப்பான பதிவுபெற்ற நேர்ஸ்) கட்டடம் முழுக்கப் பாக்கிறா.

5 மணி மருந்தில 7 பேருக்கு இன்சுலின், 11 பேருக்குக் குளிசையை இடிச்சுக் குடுக்க வேணும், ஒருத்தருக்குப் பார்க்கின்சன், ரெண்டு பேருக்கு ஃபென்டனில் பாட்ச் (தோலில ஒட்டுற வலுவான நோவு மருந்து). அறை நம்பர் வரிசையிலதான் போறன். 4:30க்குத் தொடங்கினா 6 மணிக்கு ஈமார் (கணினி மருந்துப் பதிவு) திரையில கால்வாசிப் பேர் சிவப்பு, அதாவது நேரம் பிந்தினது. 7க்கு முடிச்சு நிமிர 8 மணி மருந்து வந்திடும். இடையில ஒராள் விழுந்தா எல்லாம் குழம்பிப் போகும். சார்ட்டிங் 11க்குப் பிறகுதான்.

எந்த ஒழுங்கில போறது? எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது? 3:30க்கே எல்லாருக்கும் கப்பில எடுத்துப் பேர் எழுதி அடுக்கி வை எண்டு ஒராள் சொன்னா. அது சரியோ?

மாலைஷிப்ட் அக்கா:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில். கப்பில முன்கூட்டி எடுத்து வைக்கிறது கூடவே கூடாது. பாக்கெட்டைக் கிழிச்ச பிறகு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை எது எண்டு ஒருத்தராலயும் உறுதியாச் சொல்ல ஏலாது. ரெண்டு கப் இடம் மாறினா சீனி வருத்தம் இல்லாத ஒராளுக்குச் சீனி வருத்தக் குளிசை போகும், அது தெரிய வாறது அவ மயங்கிக் கிடக்கேக்கதான். பாக்கெட்டைக் கிழிக்கிறது ஆளுக்கு முன்னால. படம், பேர் ரெண்டையும் பாருங்கோ. விழுங்கினதைக் கண்ட பிறகுதான் ஈமாரில கையொப்பம். இந்த மூண்டையும் சுருக்க வழியில்லை. நேரம் மிச்சம் பிடிக்கிறது வேற இடத்தில.

கணக்கைப் பாருங்கோ. 1700 (மாலை 5 மணி) எண்டு போட்ட மருந்துக்குப் பெரும்பாலான இல்லங்களில ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் இடம் இருக்கு. 4இலிருந்து 6 வரை 120 நிமிடம், 32 பேர். ஆளுக்கு 4 நிமிடமும் வராது. 4:30க்குத் தொடங்கினா 3 நிமிடமும் இல்லை. அதாலதான் சிவப்பாகுது. உங்கட கை மெதுவெண்டில்லை. 4 மணிக்குக் கார்ட் உருள வேணும்.

3 மணிக்கு நார்கொட்டிக் (பூட்டி வைக்கிற வலுவான நோவு மருந்து) எண்ணேக்க ஒராள் புத்தகத்தை வாசிக்க, மற்றாள் குமிழைக் கையால தொட்டு எண்ண வேணும். குளிசை அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கோ, கிழிஞ்ச தகட்டுக்கு டேப் ஒட்டியிருந்தா அங்கயே நிப்பாட்டுங்கோ. கணக்குச் சரி வராம மெட் கார்ட் திறப்பை வாங்க வேண்டாம். வாங்கினா பிழை உங்கட ஷிப்டில. ஃபென்டனில் பாட்சை உடம்பில போய்ப் பாருங்கோ, போன ஷிப்ட் பார்த்தது எண்டு விட வேண்டாம். மெல்லிசா, தோலோட தோலாக் கிடக்கும், குளிப்பாட்டேக்க ஓரம் கிளம்பி இரவுச் சட்டையில ஒட்டிக்கொண்டு லோன்ட்ரிக்குப் போயிடும். திகதி, இனிஷியல், எந்தத் தோள்பட்டை எண்டதைப் பார்த்து எழுதுங்கோ. 72 மணித்தியாலத்தில மாத்தேக்க பழையதை முதல்ல கழட்டி, ஒட்டுற பக்கம் உள்ளுக்கு மடிச்சு, சாட்சி ஒராள் கையொப்பம் வைக்க வேணும். பழையது முதுகில இருக்கப் புதுசை ஒட்டினா ரெட்டை டோஸ், மூச்சு அடங்கிப் போகும். காய்ச்சல் வந்தாலும் சூட்டுப் பை வைச்சாலும் அதே பாட்ச் கூடுதலா இறங்கும் எண்டதையும் மனசில வைச்சிருங்கோ.

பிறகு ஒரு தாளில நேரம் தவறக் கூடாதவையை மட்டும் எழுதுங்கோ: இன்சுலின், பார்க்கின்சன், நேரத்துக்குப் போற நோவு மருந்து, அன்டிபயோட்டிக், பாட்ச், மூண்டு நாளா மலம் போகாத ஆக்கள். கார்ட் போறது இந்த ஒழுங்கில, அறை நம்பர் அதுக்குப் பிறகுதான்.

முதல் ஆள் பார்க்கின்சன்காரர். அவரின்ர மருந்து லெவோடோபா சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போனா நல்லாப் பிடிக்கும், இறைச்சி, பருப்புப் புரதம் அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பிந்தினா கை கால் இறுகி, விழுங்கவும் ஏலாம, அடுத்த டோஸும் போகாது. ஒரு மணித்தியாலச் சலுகை இவருக்கு இல்லை எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ.

அடுத்தது இரத்தச் சீனி பார்க்கிறது, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்குள்ள. ஆனா லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் மாதிரி விரைவு இன்சுலின் தட்டு மேசைக்கு வந்த பிறகுதான். 4:15க்கு ஊசியைப் போட்டுக் கிச்சின் 5:20க்குச் சாப்பாடு தந்தா, 5 மணிக்கே வேர்த்துக் கொட்டும். பாதிச் சாப்பாட்டோட எழும்பிப் போற ஆளெண்டா, சாப்பிட்ட உடனே போட டொக்டரிட்ட ஓர்டர் கேளுங்கோ. இன்சுலின் ஊசிப் பேனாவில 2 யூனிட் வெளியில விட்டுப் பார்த்து, குத்தின பிறகு 10 வரை எண்ணி எடுங்கோ. எடுத்த இடம் ஈரமா இருந்தா டோஸ் முழுக்கப் போகேல்லை.

இரத்தச் சீனி 4.0 mmol/Lக்குக் கீழ வந்தா 15 கிராம் சீனி: மூண்டில ரெண்டு பங்கு கப் (150 மில்லி) ஜூஸ், இல்லாட்டி ஒரு மேசைக்கரண்டி தேன். தடிப்பாக்கின பானம் குடிக்கிற ஆளுக்கு வெறும் ஜூஸ் குடுத்தா சுவாசப்பைக்குள்ள போகும், அவைக்கு குளுக்கோஸ் ஜெல். 15 நிமிடத்தில திருப்பிப் பாருங்கோ. மயங்கின ஆளின்ர வாய்க்குள்ள ஒண்டும் வைக்கக் கூடாது. குளுக்ககோன் (இரத்தச் சீனியை ஏத்துற அவசர மருந்து) எங்க இருக்கெண்டு ஷிப்ட் தொடங்கேக்கயே பார்த்து வைச்சிருங்கோ.

இன்னொண்டு. இன்சுலின் பேனாவைக் கார்ட்டுக்கு மேல விட்டிட்டு ஒரு அடியும் நகரக் கூடாது. நேர்ஸா இருந்த எலிசபெத் வெட்லாஃபர் எட்டு முதியவரை இன்சுலினால கொன்றது இந்த மாகாணத்து இல்லங்களிலதான். 2019 ஜூலையில வந்த பொது விசாரணை அறிக்கையின்ர 91 பரிந்துரையில மருந்து எங்க இருக்கு, ஆர் எடுக்கினம் எண்ட கேள்விக்குப் பெரிய இடம். கார்ட் பூட்டு, திரைப் பூட்டு, எண்ணிக்கை எல்லாத்தையும் அந்த எட்டுப் பேரை நினைச்சு மதியுங்கோ.

பார்மசி பக்கம்:

இல்லங்களுக்கு மருந்து அனுப்புற வேலையில இருக்கேன். உங்க பட்டியலைப் பார்த்ததும் தோணுறது, 5 மணி மருந்துல பாதிக்கு 5 மணியில இருக்க வேண்டிய அவசியமே இல்ல.

அடோர்வாஸ்டாடின் எந்த நேரமும் கொடுக்கலாம். வைட்டமின் டி எந்த நேரமும் கொடுக்கலாம். நாளைக்கு ஒரு வேளை போற பிரஷர் மாத்திரை பலது, ஆஸ்பத்திரியில எந்த நேரம் எழுதினாங்களோ அதே நேரத்துல வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருத்தரோட மருந்தையும் மறுபரிசீலனை பண்ணணும்னு ஒன்டாரியோ விதியே இருக்கு. அதுக்காகக் காத்திருக்காம, ஒரு வாரம் உங்க 1700 பட்டியலைப் பார்த்து “இது காலைக்கு மாறலாமா, இது இன்னும் தேவையா”ன்னு எழுதி எங்களுக்கு அனுப்புங்க. நர்ஸ் எழுதிக் கேட்டா டாக்டர்கிட்ட பேச எங்களுக்கும் பிடி கிடைக்கும். காலை ஷிப்ட்ல இருக்கிறவங்களையும் கலந்து பேசுங்க, அவங்க தலையில எல்லாத்தையும் ஏத்தினா வேற சண்டை. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, கால்சியம், இரும்புச் சத்துலருந்து 4 மணி நேரம் தள்ளி இருக்கணும். அதனால கால்சியத்தைக் காலைக்கு மாத்தாதீங்க, அது சாயங்காலமே இருக்கட்டும்.

11 பேருக்கு இடிச்சுக் கொடுக்கிறதுதான் உங்க நேரத்தைத் தின்னுது. ஆளாளுக்குக் கேளுங்க: விழுங்க முடியாததாலயா, இல்ல யாரோ எப்பவோ “கிரஷ்”னு போட்டதாலயா? சிலர் முழு மாத்திரையை ஒரு கரண்டி ஆப்பிள் சாஸ்ல வெச்சா சுலபமா விழுங்கிடுவாங்க. நிஜமாவே முடியாதவங்களுக்கு சிரப், வாயில கரையுற வகை இருக்கான்னு பார்த்து மாத்தித் தரோம்.

இடிக்கவே கூடாதது: நீண்ட நேரம் வேலை செய்ற ஓபியாய்டு வலி மாத்திரை எதுவும். 12 மணி நேர டோஸ் ஒரே நேரத்துல இறங்கும். பான்டோபிரசோல் இடிச்சா வயித்து அமிலத்துலயே அழிஞ்சுடும். லெவோடோபா சிஆர் (மெதுவா வெளிவர்ற வகை), டாம்சுலோசின், மெதுவாக் கரையுற பொட்டாசியம் இதெல்லாமும் கூடாது. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற டாபிகட்ரான் காப்ஸ்யூலைத் திறக்கவே கூடாது, உறிஞ்சப்படுற அளவு 75 சதவீதம் வரை கூடி ரத்தக் கசிவு வரலாம். அதே வேலைக்குப் போற அபிக்சபான் இடிக்கலாம், அதனால விழுங்க முடியாதவங்களுக்கு அதுக்கு மாத்தச் சொல்லிக் கேட்கலாம். ஃபினாஸ்டரைடு தூளைக் கர்ப்பமா இருக்கிற நர்ஸ் தொடக் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒண்ணு. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பிஇஜி பவுடரை ஸ்டார்ச் வகை திக்கனர் (தடிப்பாக்குற பவுடர்) போட்ட பானத்துல கலந்தா, தடிப்பு உடைஞ்சு தண்ணியாயிடும். கப்புல பார்க்கும்போது நல்லாக் கலந்த மாதிரிதான் தெரியும், கொஞ்ச நேரத்துல கரண்டியிலருந்து ஒழுகும். விழுங்குறதுல சிக்கல் இருக்கிறவருக்கு அது நேரா நுரையீரலுக்குப் போகலாம். திக்கனர் சாந்தன் கம் வகையான்னு டப்பாவைப் பாருங்க, ஸ்டார்ச்னா வேற மலமிளக்கி கேளுங்க.

பார்க்கின்சன் உள்ளவருக்கு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடோ, கொந்தளிப்புக்கு ஹாலோபெரிடாலோ தேவைப்பட்டா கொடுக்கலாம்னு எழுதியிருந்தா, கொடுக்குறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. இறுக்கத்தைக் கூட்டிடும்.

புதுத்தாதி:

நன்றி அக்கா, நன்றி பார்மசி அண்ணா. பட்டியலை இண்டைக்கே எழுதத் தொடங்கிறன். ரெண்டு கேள்வி மிச்சம். மருந்துக்கு நடுவில ஒராள் விழுந்தா என்ன செய்யிறது? மருந்து வேண்டாம் எண்டு துப்புற ஆக்களுக்குப் புடிங்கில ஒளிச்சுக் குடுக்கலாமோ?

இரவுப்பறவை:

ஒளித்துக் கொடுப்பதைப் பற்றி முதலில். நீங்களாக முடிவெடுத்துச் செய்யக் கூடாது. மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சம்மதம் சொல்லும் திறன் இல்லாதவர் என்றால், அவருக்காக முடிவெடுப்பவரின் சம்மதம், டொக்டரின் ஓர்டர், கேர் பிளானில் பதிவு மூன்றும் வேண்டும். ஆப்பிள் சாஸில் கலந்து “இது உங்கள் மருந்து” என்று சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம், அது ஒளிப்பதல்ல. துப்பினால் விட்டுவிட்டு 15 நிமிடத்தில் திரும்பப் போங்கள், முடிந்தால் வேறு ஆளை அனுப்புங்கள். மூன்று முறை மறுத்தால் மறுப்பு என்று குறியுங்கள். அதற்கு முன் வாயைப் பாருங்கள். பல் செட்டுக்குக் கீழே புண் இருந்து அதனால் துப்புபவர்கள் நிறையப் பேர்.

விழுந்தவர் விஷயம். சத்தம் கேட்டதும் கார்ட்டைப் பூட்டுங்கள், திரையைப் பூட்டுங்கள், கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தாளில் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்கு ஐந்து விநாடி. திரும்பி வந்து “இவருக்குக் கொடுத்தேனா” என்று நிற்கும் இடத்தில்தான் இரட்டை டோஸ் நடக்கிறது.

பிஎஸ்டபிள்யூ தூக்கி உட்கார வைக்க முயன்றால் தடுங்கள். தரையிலேயே பாருங்கள்: ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவு என்றே எடுத்துக்கொண்டு அசைக்காமல் 911. இல்லையென்றால் தலை, கழுத்து, கண்மணிகள், கை கால் பலம், பிரஷர், நாடி, சீனி. பிறகு ஆளைத் தூக்கும் லிஃப்ட் கருவி வைத்துத்தான் தூக்க வேண்டும். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் தலையில் அடிபட்டதாகவே கொள்ள வேண்டும், “தலை அடிபடவில்லை” என்று மறதி நோய் உள்ளவர் சொல்வதை வைத்து விட்டுவிடக் கூடாது. தலைக் காயக் கண்காணிப்பு தொடங்குங்கள். இடைவெளி உங்கள் இல்லத்தின் விதிப்படி, முதல் மணி நேரம் பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை. வார்ஃபரின், அபிக்சபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் என்றால் டொக்டரிடம் பேசும்போது அதுதான் முதல் வாக்கியம்.

இந்த இடத்தில் ஆர்என்னைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒன்டாரியோ லாங் டேர்ம் கேர் சட்டமும், சில விதிவிலக்குகள் தவிர, ஒவ்வொரு இல்லத்திலும் 24 மணி நேரமும் ஓர் ஆர்என் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அவர் விழுந்தவரோடு இருக்க, நீங்கள் இன்சுலின் மேசைக்குத் திரும்பலாம். அதே சட்டத்தில் வரும் நாளுக்கு 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற சராசரி ஆர்என், ஆர்பிஎன், பிஎஸ்டபிள்யூ எல்லோரையும் சேர்த்த கணக்கு. உங்கள் ஒரு கார்ட்டுக்கு 32 பேர் என்பதை அது குறைக்காது. அதனால் தாமதமான ஒவ்வொரு மாலையையும் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்.

6 முதல் 7:30 வரை விழுவது கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சிறுநீர். இரவுச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் உட்கார வைத்தால் அரை மணியில் எழும்பத் தேடுவார்கள். சாப்பாட்டு அறையிலிருந்து நேரே கழிவறைக்குக் கூட்டிப் போக 3:45க்கே நான்கு பிஎஸ்டபிள்யூவோடும் பேசி வையுங்கள். அப்போதே இன்னொன்றும் சொல்லுங்கள்: விழுதல், மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, இரத்தம், புரையேறுதல், திடீர்க் குழப்பம் என்றால் உடனே கூப்பிடு, மற்றதெல்லாம் நர்சிங் ஸ்டேஷன் தாளில் எழுது, நான் 6 மணிக்குப் பார்ப்பேன். சொன்னபடி 6 மணிக்குப் பாருங்கள், இல்லாவிட்டால் மறுநாள் யாரும் எழுத மாட்டார்கள்.

8 மணி மருந்தில், 7:30க்கே தூங்கிவிடுபவர் யார் யார் என்று பிஎஸ்டபிள்யூவுக்குத் தெரியும். அவர்களிடமிருந்து தொடங்குங்கள். எழுப்பித் தூக்க மாத்திரை கொடுப்பது போன்ற வீண் வேலை வேறில்லை. நேரம் தொடர்ந்து பொருந்தாவிட்டால் அதையும் பார்மசிக்கு எழுதும் பட்டியலில் சேருங்கள்.

சார்ட்டிங்கை 11க்கு வைக்காதீர்கள். விழுந்தவரின் குறிப்பை முதல் கண்காணிப்புச் சுற்று முடிந்ததும் நான்கு வரியில் எழுதுங்கள்: எங்கே, எந்த நிலையில் கிடந்தார், காலில் என்ன இருந்தது, தரை ஈரமா, அளவுகள், யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள். “தடுக்கி விழுந்தார்” என்று நீங்கள் காணாததை எழுதாதீர்கள். “கட்டிலின் இடப்பக்கம், வலப்புறமாகச் சரிந்து, செருப்பின்றிக் காலுறை மட்டும் அணிந்து தரையில் காணப்பட்டார்” என்பது போதும். பிந்தி எழுதினால் பிந்திய பதிவு என்று குறித்து, நடந்த நேரத்தைத் தனியாகப் போடுங்கள். 10:30க்கு மிச்சமிருக்க வேண்டியது இரண்டாம் பாட்ச் பார்வையும் இரவு நர்ஸோடு எண்ணுவதும்தான். கண்காணிப்பின் அடுத்த நேரம் எப்போது என்பதை அவரிடம் வாயாலும் சொல்லி, தாளையும் கையில் கொடுங்கள்.