2004 மாஸ்டா ஆர்எக்ஸ்-8: சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை, வாங்கலாமா?

கவென்ட்ரிவாசி:
வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். காலேஜ் காலத்திலிருந்து ஆசைப்பட்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்று பக்கத்து ஊரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 2004 மாடல், 231 குதிரைத்திறன், ஆறு கியர், 74,000 மைல். தனி ஆள்தான் விற்கிறார், 1,800 பவுண்ட் சொல்கிறார். பெயின்ட், சீட் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. நான் போனபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிப் பார்த்தேன், இழுவை அருமை. திரும்பி வந்து அணைத்துவிட்டு, கொஞ்சம் பேசிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. நன்றாக ஆறிய பிறகுதான் பிடித்தது. “ஸ்டார்ட்டர் மோட்டார் வீக், மாற்றினால் சரியாகிவிடும்” என்கிறார். அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொண்டு வாங்கலாமா?

ரோட்டரி அண்ணன்:
தம்பி, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். இது ரோட்டரி எஞ்சின், இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம். முனைகளில் உள்ள சீல்கள் (கசிவை அடைக்கும் பட்டைகள்) தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் உள்ளே காற்றை அழுத்தும் அழுத்தம், இறங்கிவிடும். குளிர்ந்திருக்கும்போது உள்ளே இருக்கும் ஆயில் கெட்டியாக நின்று கசிவை ஓரளவு அடைத்துக்கொள்ளும். சூடானதும் ஆயில் இளகிவிடும், எஞ்சின் பிடிக்காது. ஓடும்போது சுழற்சி வேகத்தில் கசிய நேரமே இருக்காது, அதனால்தான் உங்களுக்கு இழுவையில் குறை தெரியவில்லை.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலும் இதே மாதிரிதான் ஆகும். மாஸ்டாவே பின்னாளில் வேகமான ஸ்டார்ட்டர் கொண்டுவந்தது. ஆனால் அதைப் போட்டால் தேய்ந்த எஞ்சினும் சில காலம் பிடித்து ஓடும். கோளாறு அப்படியே இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரே வழி கம்ப்ரஷன் டெஸ்ட். அதுவும் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில். சாதாரண கேஜ் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும், மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. உங்கள் கைக்கு ஆறு எண்கள் வரவேண்டும், கூடவே ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றியது என்பதும் வேண்டும். 250 சுற்றுக்குத் திருத்திய கணக்கில் மாஸ்டா சொல்லும் கீழ் எல்லை 6.8 பார் (அழுத்தத்தின் அலகு). நல்ல எஞ்சின் என்றால் 8.3 பக்கம் நிற்கும். ஒரே ரோட்டாரின் முகங்களுக்குள் 1.5 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அப்புறம், பார்க்கப் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட், சூடான ஸ்டார்ட் இரண்டையும் உங்கள் கையாலேயே போட்டுப் பார்க்கவேண்டும்.

லெஸ்டர் மீனா:
நான் இதே வண்டிதான் வைத்திருக்கிறேன், உயிர். அண்ணன் சொன்னதோடு இதையும் கேளுங்கள்: பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கடைசியாக எப்போது மாற்றினார்? நான்கு காயில் உண்டு, சுமார் 30,000 மைலில் சோர்ந்துவிடும். காயில் சோர்ந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அது அடைத்துக்கொள்ளும், அந்தச் சூடு திரும்பி எஞ்சின் சீல்களைத் தின்றுவிடும். காயில் பில் இல்லாத வண்டியை நான் தொடமாட்டேன்.

இந்த எஞ்சின் ஆயில் குடிப்பது கோளாறு இல்லை, சீல்களுக்கு உயவாகத் தானே உள்ளே விட்டுக்கொள்ளும். அவர் எவ்வளவு ஊற்றுகிறார் என்று கேளுங்கள். “ஊற்றவே தேவையில்லை” என்றால் அளவே பார்க்காத ஆள் என்று அர்த்தம். பின் சக்கர வளைவையும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பகுதியையும் (சில்) விரலால் அழுத்திப் பாருங்கள், துரு அங்கேதான் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை:
நம்பர் பிளேட்டைப் போட்டால் பழைய எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) முடிவுகள் எல்லாம் அரசுத் தளத்தில் இலவசமாகத் தெரியும். மைல் வரிசையையும், துரு பற்றிய குறிப்பையும் பாருங்கள். 2004 வண்டி என்பது வரியில் நல்லது. 2006 மார்ச் 23-க்குப் பிறகு பதிவான 231 மாடலுக்கு வருட வரி 700 பவுண்டைத் தாண்டும். டீலரிடம் வாங்கினால் கோளாறான வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தனி ஆளிடம் அது இல்லை. இதை மனதில் வையுங்கள்.

கவென்ட்ரிவாசி:
எல்லோருக்கும் நன்றி. டெஸ்ட் செலவு என்னுடையது என்றதும் விற்பவர் ஒத்துக்கொண்டார். முன் ரோட்டார் 6.3, 6.4, 6.1. பின் ரோட்டார் 5.6, 5.8, 5.5. எல்லாம் 250-க்குத் திருத்தியது. ஸ்டார்ட்டர் 255 சுற்று சுற்றியிருக்கிறது. இப்போது 1,100-க்குத் தருகிறேன் என்கிறார்.

ரோட்டரி அண்ணன்:
255 என்றால் ஸ்டார்ட்டர் மேல் குற்றமே இல்லை. ஆறு முகமும் எல்லைக்குக் கீழே. இந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டியே ஆகவேண்டும், அது அவர் முதலில் சொன்ன 1,800-ஐ விட அதிகம் ஆகும். எஞ்சின் செத்த வண்டி என்ன விலைக்குப் போகுமோ அந்த விலை, அதுவும் பாடியில் துரு இல்லை என்றால் மட்டும். 1,100 அதிகம்.

கவென்ட்ரிவாசி:
சரி அண்ணா, இதை விட்டுவிட்டேன். டெர்பியில் 2005 மாடல் ஒன்று, எஞ்சின் ஏற்கெனவே பிரித்துக் கட்டிய பில்லோடு இருக்கிறதாம். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.