மூன்றாம் நாள் இரவில் எறும்பு பொறுக்கிய நோயாளி: இது மனநோயா?

சுங்கை சிப்புட் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். தாதியர் பயிற்சியில் மனநலப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். வார்டில் கண்ட ஒருவரைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். அவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி, ஐம்பது வயதைக் கடந்தவர். கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டவர் இரண்டு நாளும் அமைதியாகவே இருந்தார். மூன்றாம் நாள் இரவு, போர்வையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி, ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கித் தரையில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கைகள் நடுங்கின. தோட்டத்துக் கோயில் திருநீற்றைப் பூசினால் தெளிந்துவிடும் என்று அவருடைய மனைவி சொன்னார். இது மனச்சிதைவு நோயின் தொடக்கமா?

மூத்த தாதி, ஈப்போ:
தங்கைக்கு வணக்கம். மனச்சிதைவு பெரும்பாலும் இளவயதில் தொடங்குவது. அதில் காதில் குரல் கேட்பதே மிகுதி. ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு முதன்முறையாக, அதுவும் திடீரென்று, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் உடலைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேட்டுப் பாருங்கள். விடை குழம்பி, தெளிவு நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கினால் அது டெலிரியம், அதாவது உடல் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாள்தோறும் மது அருந்தியவர் அதைத் திடீரென நிறுத்தியதன் விளைவாகவே எனக்குப் படுகிறது. மது மூளையை அமர்த்தி வைக்கிறது. பல ஆண்டுகளாக அந்த அழுத்தத்துக்கு எதிராக முடுக்கப்பட்டே பழகிய நரம்புகள், மது நின்றதும் கட்டுமீறித் துடிக்கின்றன. நடுக்கம் முதல் நாளிலேயே தொடங்கலாம், வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும், இத்தகைய கடுங்குழப்பம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். சிகிச்சை இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. இருந்தாலும் எலும்பு முறிந்தவர் என்பதால் கொழுப்பு அடைப்பு (எலும்பிலிருந்து கசியும் கொழுப்பு இரத்தக் குழாயை அடைப்பது), தொற்று, ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இரவுப் பணித் தாதி:
மேலே அக்கா சொன்னதோடு, அந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன், விரல்நுனி இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து உடனே மருத்துவரை அழையுங்கள். பொதுவாக நரம்புத் துடிப்பை அமர்த்தும் டயஸிபாம் அல்லது லோராஸிபாம் மருந்தை எழுதுவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸிபாமே பொருத்தம். தயமின் (வைட்டமின் பி1) ஊசியை மறக்கக் கூடாது. அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், வெர்னிக்கி எனப்படும் மூளைப் பாதிப்பு வரக்கூடும். விளக்கை அணைக்காதீர்கள். எறும்பு இல்லை என்று வாதாடாமல், "உங்களுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். கட்டிப் போட்டால் பதற்றம் கூடும்.

சுங்கை சிப்புட் மாணவி:
மிக்க நன்றி. ஆனால் சேர்க்கும்போது குடிப்பழக்கம் இல்லை என்றுதான் எழுதப்பட்டிருந்தது.

மூத்த தாதி, ஈப்போ:
அங்கேதான் கவனம் வேண்டும். உறவினர்கள் சூழ நிற்கும்போது "குடிப்பீர்களா?" என்று கேட்டால் எவரும் இல்லை என்றுதான் சொல்வார். தனியாக, "வேலை முடிந்ததும் பியரா, சம்சு சாராயமா? கடைசியாக எப்போது?" என்று இயல்பாகக் கேளுங்கள். மனைவியிடமும் தனியே கேளுங்கள். திருநீற்றைத் தடுக்க வேண்டாம். பூசிய பிறகு ஊசி போடலாம். 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்ற அச்சம் 1911இல் அங்கே மனநல மருத்துவமனை தொடங்கிய காலத்திலிருந்து நம் தோட்டங்களில் ஊறியது. ஆகவே, இது மது நின்றதால் வந்த உடல் கோளாறு, சில நாளில் தெளிவார் என்று மருத்துவர் உறுதிப்படுத்தியதும் அந்த அம்மாவிடம் தமிழிலேயே விளக்குங்கள்.