கலைச்சொல் வேண்டும்: வெள்ளிக்கிழமைக்குள்

கிளிநொச்சி, தாதி:
உடற்பருமனுக்குச் செய்யும் பேரியாட்ரிக் சிகிச்சை பற்றிய துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிளினிக்கில் எல்லோருக்கும் அது “கொழுப்பு வெட்டுகிற ஒப்பரேசன்”. நேற்று ஓர் அம்மா வயிற்று மடிப்பைக் கையால் பிடித்துக் காட்டி, “இதில் எத்தனை கிலோ வெட்டுவார்கள்?” என்று கேட்டார். ‘எடைகுறைப்பு அறுவைச்சிகிச்சை’ என்று போடலாமா?

மாங்குளம், தமிழாசிரியர்:
தங்கச்சி, எடை எதற்கு, நம் கிளினிக்கில் பார்ப்பது நிறை அல்லவா? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாம் திணிவு (mass) என்பதைத்தான் நிறை என்கிறார்கள். அதைக் கண்டு மயங்க வேண்டாம். அறுவையும் வேண்டாம், சத்திரசிகிச்சை.

நெடுங்கேணி:
சத்திரமும் வடமொழி, சிகிச்சையும் வடமொழி! பேரியாட்ரிக் என்பதே நம் ‘பரியாரி’தான். பருமனைத் தீர்க்கும் பரியாரி. மீட்டெடுப்போம்.

மாங்குளம்:
ஐயா, பரியாரி ‘பரிகாரி’யின் பிள்ளை, அதுவும் வடமொழிதான். பேரியாட்ரிக் கிரேக்கம்: பாரோஸ் என்றால் கனம், இயாத்ரோஸ் என்றால் மருத்துவர். பாரோஸுக்குப் பாரம் உறவென்று ஓடிவிடாதீர்கள். அதன் உடன்பிறப்பு வடமொழிக் ‘குரு’. என் பரிந்துரை ‘இரைப்பைக் குறுக்கம்’. அச்சொல்லில் ரையும் பையும் ஐகாரக்குறுக்கமாகி, இரண்டு மாத்திரை ஒலியிலிருந்து குறைந்து ஒவ்வொரு மாத்திரையில் நிற்கின்றன. சொல்லே சிகிச்சை முடித்து வந்துவிட்டது!

வவுனியா, டொக்டர்:
ரசித்தேன் ஐயா. ஆனால் எங்களுக்குக் குறுக்கம் என்பது குழாய் இறுகிப்போவது. இந்தச் சிகிச்சைக்குப் பின் வரக்கூடிய சிக்கல்களில் அதுவும் ஒன்று. சிக்கலின் பெயரைச் சிகிச்சைக்கு வைக்கலாமா? ‘இரைப்பை வெட்டு’ என்று வைத்தாலும் பாதிதான் சரி. ஸ்லீவ் முறையில் முக்கால் பங்கை அகற்றி, வாழைப்பழம் போல ஒரு குழாயை மிச்சம் வைப்போம். பைபாஸில் மேலே சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்போம்; மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். இங்கே பைபாஸ் என்றாலே இதயம் என்று பயப்படுகிறார்கள், அது வேறு. இரண்டிலும் கொழுப்பை யாரும் வெட்டுவதில்லை. உடற்திணிவுச் சுட்டி (BMI) 40, நீரிழிவு போன்ற நோயிருந்தால் 35 என்பது 1991 முதல் நீண்டகாலம் இந்தச் சிகிச்சைக்கு இருந்த அளவுகோல். 2022இல் தளர்த்தி, ஆசியருக்கு இன்னும் இறக்கினார்கள். அழகு பார்க்கிற வேலை அல்ல என்பதையும் பெயர் சொல்லவேண்டும்.

நெடுங்கேணி:
மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன் அறுவையை ‘இரணவைத்தியம்’ என்றாரே?

மாங்குளம்:
இரணம் எந்த ஊர்ச் சொல் ஐயா?

கிளிநொச்சி, தாதி:
‘உடற்பருமனுக்கான இரைப்பைச் சத்திரசிகிச்சை’ என்று அனுப்பிவிட்டேன். நீளம்தான். பைபாஸில் குடலும் சேருகிறதே என்று டொக்டர் தனியே எழுதினார், இடமில்லை. அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இரைப்பையையா?” என்றவர் மடிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நெடுங்கேணி:
சத்திரத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். ‘பருமனறுவை’. இரண்டாம் பதிப்பிலாவது.