மறு: ஆர்முடுகல் மாறும் வீதத்துக்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம்.

ஆர்முடுகல் (தமிழ்நாட்டில் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம்) தானே மாறும் வீதத்தை ஆங்கிலத்தில் ‘ஜேர்க்’ (jerk) என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் என்று இங்கே நடக்கும் பேச்சை ஒரு கிழமையாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சென்னை நண்பர் ‘முடுக்கமாறுவீதம்’ என்று எழுதியதையும், மட்டக்களப்பு ரீச்சர் ‘குலுக்கம்’ போதும் என்று சொன்னதையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இந்தக் கேள்வி என் வகுப்பிலும் வந்ததுதான்.

தரம் 12இல் ஒரு பிள்ளை, கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவன், கேட்டான்: “சேர், பிரேக் போடேக்க முன்னுக்குத் தள்ளுது, சரி. பஸ் நிண்ட உடனே ஏன் பின்னுக்கு எறியுது?” சடத்துவம் (நிலைமம்) என்று ஒரு சொல்லில் முடிக்கப் பார்த்தேன். அது முதற் பாதிக்குத்தான் விடை. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ் சீராக 2 மீற்றர்/செக்கன்² அமர்முடுகலோடு (வேகம் குறையும் வீதத்தோடு) நிற்க 5 செக்கன் எடுக்கும். அந்த 5 செக்கனும் விழாமல் இருக்க நாம் கம்பியைப் பிடித்து உடலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறோம். பஸ் நின்ற கணத்தில் அமர்முடுகல் இல்லாமல் போகிறது, நம் தசை பிடித்த பிடி மட்டும் மிச்சமிருக்கிறது. அதுதான் பின்னுக்கு எறிகிறது. அந்த 2 என்பது 0.2 செக்கனில் 0 ஆனால், மாறும் வீதம் 10 மீற்றர்/செக்கன்³. நல்ல சாரதி நிற்பதற்குக் கொஞ்சம் முன்னரே பிரேக்கைத் தளர்த்தி, அதே மாற்றத்தை 2 செக்கனுக்கு நீட்டினால் வெறும் 1. தேநீர் குடித்துக்கொண்டே வரலாம்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, பெயர் தெரியாமல் கரும்பலகையில் ‘ஜேர்க்’ என்று எழுதினேன். பின்வரிசை வாங்கில் சிரிப்பு.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘முடுக்கமாறுவீதம்’ பெயர் அல்ல, வரைவிலக்கணம். வேகத்தை ‘இடப்பெயர்ச்சிமாறுவீதம்’ என்று யாரும் கூப்பிடுவதில்லையே. மேலும் இங்கே இலங்கைப் பாடநூலில் முடுக்கம் இல்லை, ஆர்முடுகல்தான். ‘குலுக்கம்’ திரும்பத் திரும்ப நடப்பது. அதை அதிர்வுக்கு விட்டுவிடலாம். ‘திடுக்கம்’ மனசுக்கு வருவது. ‘வெட்டு’ எனக்கும் பிடித்ததுதான், பஸ் வெட்டி இழுத்தது என்றுதான் சனம் சொல்லும், ஆனால் கேத்திரகணிதம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. எங்கள் ஊர் திருகோணமலையில் வெட்டு என்றால் வேறு நினைப்பு, கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இருக்கிறது.

என் பரிந்துரை ‘சுண்டு’ என்ற வினையிலிருந்து. உட்துறைமுக வீதிக் கரையில் இரவில் கைத்தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கூசியை (தூண்டில் இழையை) சுட்டுவிரலில் போட்டபடி பேசாமல் இருப்பார்கள். மீன் கொத்தினால் விரல் அறியும்: “சுண்டுது”. கொளுவின பிறகு ஒரு பாரை சீராக இழுத்துக்கொண்டு போனால் விரல் அறுக்கும், நோகும், ஆனால் அதைச் சுண்டுது என்று சொல்லமாட்டார்கள். விசை இருப்பது வேறு, விசை சட்டென்று மாறுவது வேறு என்பதை அந்த விரல் பிரித்து வைத்திருக்கிறது. திணிவு (mass) மாறாத பொருளில் விசை மாறும் வீதம் என்பது திணிவை இந்தக் கணியத்தால், அதாவது ஆர்முடுகல் மாறும் வீதத்தால், பெருக்கியதுதானே. சுண்டி இழுத்தான் என்பதை இலங்கை, தமிழ்நாடு என்ற இரண்டு கரையிலும் ஒரே பொருளில்தான் சொல்கிறோம்.

பெயர்ச்சொல் ஆக்குவதில்தான் சிக்கல். முடுகல் மாதிரி ‘சுண்டல்’ என்று போட்டால் வகுப்பு முடிந்தது. போட்டும் பார்த்தேன், “சேர், வல்லாரையா முருங்கையிலையா?” ‘சுண்டு’ என்று அப்படியே விடவும் முடியாது. இங்கே அரிசி அளப்பது சுண்டில். ஒரு அளவையின் பெயரை இன்னொரு கணியத்துக்கு வைத்தால் கூத்துத்தான். ஆகவே ‘சுண்டுகை’. சராசரிச் சுண்டுகை, கணச் சுண்டுகை, மறைச் சுண்டுகை, சுண்டுகை–நேர வரைபு. நாலும் வாயில் தடக்குப்படாமல் வருகின்றன.

ஒரு ஆட்சேபம் வரும், நானே சொல்லிவிடுகிறேன். மாற்றம் மெதுவாக இருந்தால், 0.1 என்றால், அதைச் சுண்டுதல் என்பதா? எறும்பு ஊர்வதற்கும் வேகம் என்றுதானே எழுதுகிறோம்.

இதில் நான் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதன் நிறை 5 கிலோகிராம், எடை ஏறக்குறைய 49 நியூட்டன். எங்கள் நூலில் அதன் திணிவு 5 கிலோகிராம், நிறை 49 நியூற்றன். ஒரே ‘நிறை’, ஒரே பை, இரண்டு கணியம். பிள்ளைகள் இப்போது இரவில் அங்கேயுள்ள ஆசிரியர்களின் வீடியோ பார்த்துத்தான் மீட்டுகிறார்கள். நல்லாய்ப் படிப்பிக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் என் பிள்ளை ஒருத்தி, கணக்கு முழுக்கச் சரியாகச் செய்தவள், நிறை கேட்ட இடத்தில் 5 கிலோகிராம் என்று எழுதி வைத்திருந்தாள். புள்ளி போட மனம் வரவில்லை, வெட்டவும் மனம் வரவில்லை. வேகமும் அப்படித்தான்: திசை இல்லாதது அங்கே வேகம், இங்கே கதி, திசையோடு சேர்ந்தது அங்கே திசைவேகம், இங்கே வேகம். அழுத்தம் அங்கே நீருக்கும் காற்றுக்கும். இங்கே அது அமுக்கம், அழுத்தம் மின்னுக்குப் போய்விட்டது. எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பழகியவற்றை இனி மாற்றவும் முடியாது. இந்த ஒரு கணியத்துக்காவது, நான் அறிந்தவரை, இரண்டு பாடநூலிலும் இன்னும் பெயர் விழவில்லை, ஆதலால் பொருள் ஏறாத ஒரு சொல்லாகப் பார்த்து ஒன்றாக வைப்போம் என்கிறேன்.

ஒன்றாகக் கூடிச் செய்வது புதிதும் இல்லை. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரி. அதற்கு முன், இருபதுகளில், எங்கள் ஊர் இந்துக் கல்லூரிக்கு அதிபராய் இருந்தவர். (ஊர்ப் பெருமை, மன்னிக்கவும்.)

மாணவருக்கான வரைவிலக்கணம், வரைவு மட்டும்:

சுண்டுகை: ஒரு பொருளின் ஆர்முடுகல் (முடுக்கம்) நேரத்தோடு மாறும் வீதம். திசை உள்ள கணியம். அலகு மீற்றர்/செக்கன்³. ஆர்முடுகல் மாறாதிருந்தால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சுண்டுகை பூச்சியம்.

கடைசி வசனத்தை வெட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் பால் சுண்டக் காய்ச்சுவார்கள், சுண்டுவிரல் என்பார்கள். ‘சுண்டுகை’ என்றதும் அந்தக் கை, விரல் நினைப்பு குறுக்கே வருமா? வரும் என்றால் ‘சுண்டிழுப்பு’ என்று இன்னொன்றும் கையில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம். மட்டக்களப்பு ரீச்சர் உங்கள் வகுப்பில் இரண்டையும் ஒருமுறை எழுதிப் பார்த்து, எதற்குச் சிரிப்புக் குறைவு என்று சொன்னால் உதவியாய் இருக்கும்.

திருகோணமலையிலிருந்து,
ஒரு பௌதிகவியல் ஆசிரியர்