எலி மறக்கவில்லை: 'அழிவு' வேண்டாமே

> வாசோபிரெசின் என்ற ஹார்மோன் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அதில், பழகிய செயல் மெல்ல நின்றுபோவதைக் குறிக்கும் 'extinction' என்பதை 'அழிவு' என்றே போட்டுவிடலாமா? இனங்கள் அற்றுப்போவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தானே.

வணக்கம் ஐயா.

சொல் ஒன்றுதான், பொருள் வேறு. நெதர்லாந்தின் டேவிட் டி வீட் 1965-இல் வெளியிட்ட சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சைகை வரும், சில நொடியில் கூண்டின் தரையில் மின்னதிர்ச்சி. சைகை வந்ததுமே அடுத்த அறைக்கு ஓட எலி பழகிவிடும். அப்புறம் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். சாதாரண எலி அப்போதும் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருக்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடலையும் இடைமடலையும் எடுத்துவிட்ட எலியும் ஓடக் கற்றுக்கொண்டது. ஆனால் சீக்கிரமே விட்டுவிட்டது. வாசோபிரெசின் உள்ள சாற்றை ஊசி போட்டதும் ஓட்டம் நீடித்தது. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான்!

அந்த 'விட்டுவிட்டது' என்பதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். சைகை வந்தால் சோறு வரும் என்று பழகி, சைகைக்கே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்க்குச் சோறு கொடுக்காமல் சைகையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் எச்சில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுக் காட்டினால் மறுபடி ஊறும். அழிந்தது எப்படி ஊறும்?

என் பரிந்துரை: நீறுபூத்தல். எங்கள் பாட்டி இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடிவைப்பார். காலையில் கிளறி ஊதினால் சிவந்துவிடும்.

> அம்மா, அழகான சொல். ஆனால் வரைபடத்தில் 'நீறுபூத்தல் வீதம்' என்று எழுதுவதா? வினையாக்கினால் 'எலி நீறுபூத்தது' என்று வருமே! 'தணிதல்' போதாதா?

சிரித்துவிட்டேன், தோற்றும்விட்டேன். தணிவு வீதம், தணிவுக் கட்டம் எல்லாம் இடறாமல் வருகின்றன. தணிந்த கோபம் திரும்ப வராது என்று வீட்டில் யாரும் நம்புவதும் இல்லை.

ஒரு திருத்தம் மட்டும். வெறும் 'தணிவு' என்றால் காய்ச்சல் தணிந்த மாதிரி இருக்கிறது. 'நினைவுத் தணிவு' என்றாலோ மறுபடி மறதிக்கே போய்விடுவோம். 'துலங்கல் தணிவு' என்று போடுங்கள்; துலங்கல் என்றால் சைகைக்குக் காட்டும் எதிர்வினை. தணிவது எலியின் ஓட்டம்தான். இடைவெளிக்குப் பிறகு திரும்புவதற்குத் 'தானே மீளல்' சரியாக இருக்கும். சோதனையை விளக்கும் பத்தியில் நீறுபூத்த நெருப்பை ஓரிடத்திலாவது விட்டுவையுங்கள்.